பதிவில் குடியிருப்பவள்

கால்டன்மோஸ்
14.09.2024

அன்புள்ள ஞானப்பிரகாசம் அண்ணைக்கு,

மூன்று கிழமையாக உங்கள் ரெலிபோன் என் நம்பருக்கு மட்டும் வேலை செய்யவில்லை. வீட்டு நம்பருக்கு எடுத்தால் பிறேமா மச்சாள், "அவர் செபக்கூட்டத்திலை நிக்கிறார்" என்கிறா. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்ன செபக்கூட்டம் என்று நான் கேட்கவில்லை. கடிதம் என்றால் தபால்காரன் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் போவான். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் படுக்கிற ஊழியர் வீடு விற்றாயிற்று. மியூனிக்கில் இருந்து யாரோ வாங்கி, பனிச்சறுக்க வருகிறவர்களுக்கு ஆடம்பர அறைகளாக மாற்றப் போகிறார்கள். நவம்பர் முப்பதுக்குள் ஐந்து பேரும் வெளியேற வேண்டும். பன்னிரண்டு வருடமாக இந்த உணவகத்தில் சமைக்கிறேன். டிசம்பரில் கூட்டம் தொடங்கும்போது நான் எங்கே படுப்பேன் என்பது எனக்கும் தெரியாது, முதலாளியம்மா யூலியாவுக்கும் தெரியாது. அவள் வாசலில் 'ஆட்கள் தேவை' என்று நாலு மொழியில் எழுதி வைத்திருக்கிறாள். படுக்கை எங்கே என்று ஒரு மொழியிலும் இல்லை.

குறைந்த வாடகை வீட்டுக்குப் பெயர் பதிய நகரசபைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் கொம்பியூட்டரைப் பார்த்தாள், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களிடம்தான் வீடு இருக்கிறதே. ஐம்பத்தெட்டு சதுர மீற்றர், தெற்குப் பார்த்த பல்கனி. இன்னும் என்ன வேண்டும்?" என்றாள்.

உங்கள் வீடு, அண்ணை. பத்து வருடத்துக்கு முதல், "ஒரு கையெழுத்துத்தான் பிள்ளை, பதிவு மட்டும்" என்று சொல்லி நான் அங்கே குடியிருப்பதாக நகரசபையில் அன்மெல்டுங் பதிவு செய்ய வைத்தீர்களே, அந்த வீடு. அதற்குள் நான் போனதெல்லாம் விருந்தாளிகள் போன பிறகு படுக்கை விரிப்பு மாற்றத்தான். தன் வீட்டுக்குள் தூசி உறிஞ்சியோடு மட்டும் போய்வருகிற குடியிருப்பாளரை நீங்கள் வேறு எங்காவது கண்டிருக்கிறீர்களா?

இரண்டு வழி இருக்கிறது. வீட்டை எனக்கு வாடகைக்குத் தாருங்கள். இல்லையென்றால் அங்கிருந்து என் பெயரை எடுக்கச் சம்மதியுங்கள், நான் நகரசபை வரிசையில் நிற்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனமில்லை.

தங்கை
கொறற்றி


ஸ்டுட்கார்ட்
24.09.2024

ஆண்டவருடைய சமாதானம் உன் கோபத்தைத் தணிப்பதாக. என் தங்கை கொறற்றி பொறுமையாக வாசிக்க வேண்டியது.

உன் கடிதத்தைச் செபத்தில் வைத்தேன். பதில் வரப் பத்து நாள் எடுத்தது.

வீடு ஈஸ்டர் வரைக்கும் பதிவாகிவிட்டது. எல்லாம் வாக்குக் கொடுத்த மனிதர்கள். இங்கே ஒரு பல் வைத்தியர், ஆறு வருடமாகப் புதுவருடத்துக்கு அதே வீட்டைத்தான் கேட்கிறார். அவரிடம் போய், என் தங்கைக்குப் படுக்க இடமில்லை, நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? இந்த ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

உன் பெயரை எடுக்கிற கதையை மறந்துவிடு. உள்ளூர் ஆள் குடியிருக்காத வீட்டை உல்லாசப் பயணிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அந்த நகரசபை சட்டம் வைத்திருக்கிறது. உன் பெயர் போனால் மறுநாளே கேள்வி வரும். வாடகை ஒப்பந்தத்தில் என் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்தும் இருக்கிறது. நிரந்தர விசாவுக்குப் போதிய வசிப்பிடம் காட்டச் சொல்லி உன்னைக் கேட்டபோது நீ எந்தக் கடதாசியைக் காட்டினாய்? ஐந்து பேர் படுக்கிற இடத்தைக் காட்டியிருந்தால் தந்திருப்பார்களா? உன் கடிதத்தில் நன்றி என்ற சொல்லை இரண்டு தரம் தேடினேன். காணவில்லை.

உனக்கு இடம் இல்லாமல் இல்லை. மகன் ஜெனிஸ்டன் தனியாகப் போய்விட்டான், அவனுடைய அறை சும்மா கிடக்கிறது. பிறேமாவுக்கும் முழங்கால் நோ. நீ இங்கே வந்து சமையலைப் பார்த்துக்கொண்டு, வீட்டையும் கூட்டித் துடைத்துக்கொண்டு மரியாதையாக இருக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில் வெள்ளைக்காரருக்கு உருளைக்கிழங்கு உருண்டை பிடித்துக் கொடுப்பதை ஒரு உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிராதே.

அண்ணன்
ஞானப்பிரகாசம்


கால்டன்மோஸ்
06.10.2024

அண்ணை,

நன்றி. இந்த முறை நீங்கள் தேடக் கஷ்டப்படக்கூடாது என்று முதல் சொல்லாகவே வைத்திருக்கிறேன்.

ஓம், விசாவுக்கு அந்தக் கடதாசி உதவியது. நான் மறுக்கவில்லை, அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. என் பங்குக்குக் கிடைத்தது கடவுச்சீட்டில் ஒரு முத்திரை. உங்கள் பங்குக்குக் கிடைத்தது பத்துக் குளிர்காலம்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வரச் சொன்னதற்கும் நன்றி. இங்கே சமைத்தால் சம்பளம், விடுமுறை, காய்ச்சல் வந்தால் லீவு எல்லாம் இருக்கிறது. உங்கள் வீட்டில் சமைத்தால் மரியாதை கிடைக்கும் என்கிறீர்கள். அந்த மரியாதையை மச்சாளே வைத்திருக்கட்டும்.

இந்த இரண்டு கிழமையில் ஏழு அறை பார்த்தேன். கடைசியாகப் பார்த்ததைச் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனக் கூடு அதைவிட அகலம். வீட்டுக்காரக் கிழவர் நிபந்தனைகளை விரல் மடித்துச் சொன்னார். அடுப்பு மூட்டக்கூடாது. கறி வாசம் கூடாது. இரவு எட்டு மணிக்குப் பிறகு குளிக்கக்கூடாது. "நான் வேலை முடிந்து வருவதே பத்தரைக்கு" என்றேன். "அப்படியென்றால் காலையில் குளி" என்றார். இத்தனைக்கும் அவர் வாரத்தில் மூன்று நாள் எங்கள் உணவகத்தில் வந்து சாப்பிடுகிறவர். என் கையால் ஆக்கியது வயிற்றுக்குள் போகலாம், நான்தான் வீட்டுக்குள் போகக்கூடாது.

உதவிச் சமையல்காரன் ராசன் இப்போதே அடிவாரத்தில் அறை எடுத்துவிட்டான். அங்கே போகிற கடைசி பஸ் மாலை ஆறு நாற்பதுக்கு. ஆட்கள் சாப்பிட உட்காருவது ஏழு மணிக்கு. இதை யூலியாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் யோசித்துவிட்டுத் திங்கள் முதல் புதன் வரை உணவகத்தை மூடினாள். எனக்கு வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிற பழைய கரவன் வண்டி ஒன்றைப் படுக்கத் தருகிறாளாம். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், மற்றபடி வசதியாம். உங்களைப் போலத்தான், அவளும் அதை உதவி என்றே சொல்கிறாள்.

போன புதன்கிழமை மலையேற வந்த இருபது பேர் மூடிய கதவுக்கு முன் நின்றார்கள். அதில் ஒருவன் என்னிடம், "இந்த ஊரில் இப்போது ஒருவருக்கும் வேலை செய்ய மனமில்லை" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தங்கியிருக்கிற வீட்டில் போன வருடம் வரை குடியிருந்தது எங்கள் பரிமாறுகிற பெண் தர்மிகா. வீடெல்லாம் விருந்தாளிக்கு வேண்டும், சமைக்கிறவளும் பரிமாறுகிறவளும் மட்டும் வானத்தில் இருந்து இறங்கி வந்து, வேலை முடிந்ததும் திரும்ப ஏறிப்போக வேண்டும்.

நவம்பர் முப்பதுக்கு இன்னும் எட்டுக் கிழமைகூட இல்லை. இன்னொரு தரம் கேட்கிறேன். வீட்டைத் தருவீர்களா?

கொறற்றி


ஸ்டுட்கார்ட்
23.10.2024

கொறற்றி அவசரமாக வாசிக்க வேண்டியது.

உன் நக்கலுக்கெல்லாம் பதில் எழுத எனக்கு நேரமில்லை. இப்போது பெரிய பிரச்சினை ஒன்று வந்திருக்கிறது. இதை ரெலிபோனில் பேசாதே, வாட்ஸ்அப்பில் எழுதாதே. வாசித்ததும் கிழித்துப் போடு.

நகரசபை ஒவ்வொரு வீடாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. யாரோ பொறாமை பிடித்தவன் பெட்டிசம் எழுதியிருக்கிறான். என் வீட்டில் குடியிருப்பாளர் உண்மையாகவே இருக்கிறாரா என்று பார்க்க நவம்பர் 12 காலை பத்து மணிக்கு ஆள் வருகிறது. குற்றம் என்று கண்டால் எனக்கு வருகிற தண்டத்தை என்னால் தாங்க ஏலாது. கோயில் சபையில் நான் தலைவர். உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். இந்தக் கடித உறைக்குள் வீட்டுக் கதவின் திறப்பு இருக்கிறது. பத்தாம் திகதி போய் அங்கே நில். அலுமாரியில் உன் உடுப்புகளைத் தொங்கவிடு. சுவரில் மாதா படம் ஒன்று மாட்டு. குளியலறையில் உன் பல்துலக்கி, சீப்பு எல்லாம் இருக்கட்டும். முக்கியமாக ஒரு கறி வை. நல்லாய்த் தாளித்து வை. கதவைத் திறந்ததும் இங்கே ஆள் சீவிக்கிறது என்று அவனுக்கு மூக்கில் அடிக்க வேண்டும். அந்தக் கிழமைக்கு வர இருந்த விருந்தாளிகளை நான் மறித்துவிட்டேன்.

வாடகை ஒப்பந்தத்தின் பிரதியையும் வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டு. இங்கேதான் இருக்கிறேன் என்று சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே. உனக்கு ஜெர்மன் வாய் நீளம்.

இது உன் விசாவுக்கும்தான் என்பதை மறந்துவிடாதே.

ஞானப்பிரகாசம்


கால்டன்மோஸ்
30.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

திறப்பும் ஒப்பந்தமும் கிடைத்தன. நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். பத்தாம் திகதி போய் நிற்பேன்.

மீன் கறி வைக்கட்டா, இறைச்சியா? மீன் என்றால் வாசம் தூக்கலாக இருக்கும்.

தங்கை
கொறற்றி


ஸ்டுட்கார்ட்
15.11.2024

கர்த்தர் நல்லவர். என் அன்புத் தங்கை கொறற்றி சந்தோசத்தோடு வாசிக்க வேண்டியது.

நேற்று நகரசபைக் கடிதம் வந்தது. பார்வையிட்டார்களாம், எல்லாம் ஒழுங்காம், விஷயம் முடிந்ததாம். கடிதத்தை அப்படியே பிறேமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாத்தீரே, சொன்னால் கேக்கிற பிள்ளை" என்றேன். உனக்குள் நல்ல மனம் இருக்கிறது, வாய்தான் இடையில் கெடுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் சாமான்களை எடுத்துவிட்டு, திறப்பைக் கீழே தபால்பெட்டிக்குள் போட்டுவிடு. யன்னல்களை இரண்டு நாள் திறந்து வை. வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள், மீன் வாசம் நிற்கக்கூடாது. மாதா படத்துக்கு அடித்த ஆணி ஓட்டையையும் அடைத்துவிடு.

ஜெனிஸ்டனின் அறைக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறோம். எப்போது வருகிறாய்?

அண்ணன்


கால்டன்மோஸ்
20.11.2024

அண்ணை,

நகரசபையில் இருந்து வந்தவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். இந்த வீட்டுக்கு வருகிற உங்கள் விருந்தாளிகள் ஒருவரும் அப்படிச் செய்து நான் காணவில்லை. என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டான். மீன் கறி என்றேன். ஒரு கரண்டி சோற்றோடு கொடுத்தேன், நின்றபடியே சாப்பிட்டான். "இங்கேதான் இருக்கிறீர்களா?" என்று கடைசியாகக் கேட்டான். ஓம் என்றேன். பொய் சொல்கிற நடுக்கம் எனக்கு வரவில்லை. நான் ஒன்பதாம் திகதியே பெட்டி படுக்கையோடு வந்துவிட்டேன்.

முதல் நாள் காலை வெயில் முகத்தில் பட்டு எழும்பினேன். ஊழியர் வீட்டில் என் யன்னலுக்கு எதிரே இருந்தது வாகனக் கொட்டிலின் சுவர். பன்னிரண்டு வருடம் அந்தச் சுவரைப் பார்த்து எழும்பியவள் நான். கட்டிலில் இருந்து அழுதேன். வெயிலுக்காக ஒருத்தி இப்படி அழலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

வரவேற்பறைச் சுவரில் விருந்தாளிகளுக்காக நீங்கள் சட்டம் போட்டு மாட்டியிருப்பதை வாசித்தேன். 'இதை உங்கள் சொந்த வீடாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நினைத்துக்கொண்டேன்.

ஆணி ஓட்டையை அடைக்கப் போவதில்லை. திறப்பைப் பெட்டியில் போடப் போவதுமில்லை. நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தைக் குடியிருப்பாளர் சங்கத்தில் ஒரு வக்கீல் அம்மாவுக்குக் காட்டினேன். நல்ல உறுதியான ஒப்பந்தம் என்றா. முடிவு திகதி இல்லை. யாரும் தரப்போவதில்லை என்ற துணிவில் நீங்கள் எழுதிய சின்ன வாடகையும் அப்படியே இருக்கிறது. முதலாம் திகதியில் இருந்து அது உங்கள் வங்கிக்கு வரும். பூட்டை மாற்றிவிட்டேன். சின்ன அறையில் தர்மிகா இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் நடந்தே வேலைக்குப் போகிறபடியால் யூலியா டிசம்பரில் ஏழு நாளும் திறக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வருகிற ஆட்களுக்கு நீங்களே அறிவித்துவிடுங்கள். இது பொய் ஒப்பந்தம், இவள் அங்கே ஒருநாளும் இருக்கவில்லை என்று நகரசபைக்கு எழுத விரும்பினால் அதையும் எழுதுங்கள். நானும் கையெழுத்து வைத்தவள்தான், வந்து பக்கத்தில் நிற்கிறேன். என்னிடம் இருந்து பறிபோக ஒரு கட்டில்தான் இருக்கிறது. உங்களிடம் ஒரு வீடும் ஒரு தலைவர் பதவியும் இருக்கின்றன.

உங்கள் ஒக்ரோபர் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

கொறற்றி


ஸ்டுட்கார்ட்
02.12.2024

கொறற்றி,

உனக்கு ஆசீர் எழுத என் கை வரவில்லை.

உன்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவன் நான். ஏஜென்சிக்காரனின் காலில் விழுந்தவன் நான். நீ கோப்பை கழுவத் தொடங்கிய நாளில் குளிருக்கு மேலங்கி வாங்கித் தந்தவன் நான். இன்றைக்கு என் வீட்டுக்கே நீ பூட்டு மாற்றுகிறாய். கள்ளியும் பிடுங்கித் தின்னும்போது பின்னால் திரும்பிப் பார்ப்பாள். உனக்கு அதுவும் இல்லை. குசினிக்குள் கிடந்து கிடந்து குசினிப் புத்திதான் வந்திருக்கிறது.

வக்கீல் ஒருவரைச் சந்திக்க ரேர்மின் எடுத்துப் போனேன். எல்லாக் கடதாசியையும் பார்த்தார். "இவற்றை நீதிமன்றத்தில் காட்டாமல் இருப்பது உங்களுக்கு நல்லது" என்றார். அரை மணித்தியாலம்தான் பேசினார். பல் வைத்தியர் வேறு ஊரில் வீடு எடுத்துவிட்டார். இப்போது கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் பார்க்கிறார்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இன்னொரு விஷயம்.

ஜெனிஸ்டனுக்கு லவினியாவைப் பேசி முடித்தது உனக்குத் தெரியும். அவளுடைய தாய் தகப்பனை நத்தாருக்கு எங்கள் மலைவீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். போன வைகாசியிலேயே சொன்னது. படமும் காட்டியாயிற்று. அவர்கள் பிராங்பேர்ட்டில் சொந்தமாக மூன்று வீடு வைத்திருக்கிறவர்கள். டிசம்பர் 23 தொடங்கி 30 வரை, ஒரே ஒரு கிழமை. இடம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது?

தங்கச்சி, அந்தக் கிழமைக்கு மட்டும் நீயும் அந்தப் பெண்ணும் வேறு எங்காவது நிற்கலாம்தானே. அந்த முதலாளியம்மா ஒரு கரவன் தருவதாகச் சொன்னாள் என்று நீயே எழுதியிருந்தாய். நத்தார் அன்று மத்தியானம் நீ மலைவீட்டுக்கு வந்து சமைத்துத் தந்தால் எல்லோரும் சேர்ந்திருந்ததாகவும் இருக்கும். உன் கை ருசி பிறேமாவுக்கு வராது.

யோசித்து எழுது.

அண்ணன்


கால்டன்மோஸ்
10.12.2024

அண்ணை,

உங்கள் கடிதத்தைத் தர்மிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். கள்ளி என்ற இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. கரவன் என்ற இடத்தில் இரண்டு பேரும் சிரித்துக் கதிரையில் இருக்க முடியாமல் எழும்பிவிட்டோம். ஒரே கடிதத்தில் ஒருத்தியைக் கள்ளி என்று திட்டிவிட்டு, அவளையே பனிக்குள் படுக்க வைத்து, நத்தாருக்குச் சமைக்கவும் கூப்பிட உங்கள் ஒருவரால்தான் முடியும்.

மேலங்கி வாங்கித் தந்தது உண்மை. பழுப்பு நிறம், எனக்குக் கொஞ்சம் பெரிது. அதை நான் மறக்கவில்லை. அந்த அண்ணைக்காகத்தான் செப்ரெம்பரில் அனுமதி கேட்டு எழுதினேன், ஒக்ரோபரில் இன்னொரு தரம் எழுதினேன். அன்றைக்கு என் பெயரை எடுக்கச் சம்மதித்திருந்தால் நான் வரிசையில் நின்றுகொண்டு உங்களுக்காகச் செபம் பண்ணியிருப்பேன். உங்களை வெறுக்கவில்லை என்று எழுத இப்போது விருப்பமாக இருக்கிறது. எழுத வரவில்லை.

வீட்டைத் தர ஏலாது. 23 முதல் 30 வரை எனக்கும் தர்மிகாவுக்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை வேலை. வந்து படுக்க ஒரு இடம் வேண்டும். உங்களுக்காக அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்த்தேன். ஊரில் ஒரு கட்டில்கூட மிச்சமில்லை, எல்லாம் உங்களைப் போன்றவர்களின் வீடுகள், ஈஸ்டர் வரை பதிவாகிவிட்டன.

லவினியாவின் தாய் தகப்பனுக்கு என்ன காரணம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு இருக்கிறது, அதில் என் தங்கச்சி குடியிருக்கிறாள் என்று சொல்லுங்கள். பத்து வருடமாக நகரசபைக்கு நீங்கள் எழுதி வருவதும் அதைத்தானே. இந்த முறை அது உண்மை, பயப்படாமல் சொல்லலாம்.

கொறற்றி